பாளையங்கோட்டை – டொராண்டோ: இணையம் 16½ மணி நேரம் என்கிறது, ஏஜென்ட் 32 மணி நேரம் என்கிறார். எது சரி?

#1 பாளை மகள்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை டொராண்டோவில் இருக்கிறாள். வருகிற ஜூன் மாதம் அவளுக்குப் பேறுகாலம். அம்மா போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவாகி, விசாவும் வந்துவிட்டது. அம்மாவுக்கு வயது 64. மூட்டு வலி உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதுவரை விமானம் ஏறியதில்லை. தனியாகத்தான் போக வேண்டும்.

இணையத்தில் போட்டுப் பார்த்தால் திருவனந்தபுரம் – டொராண்டோ 13,750 கி.மீ., பறக்கும் நேரம் 16½ மணி என்று வருகிறது. டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட்டோ வீட்டில் இருந்து வீடு 32 மணி நேரம் ஆகும் என்கிறார். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏதாவது சுற்று வழியில் அனுப்பப் பார்க்கிறாரா? திருவனந்தபுரம், சென்னை, மதுரை மூன்றில் எங்கே ஏற்றிவிடுவது நல்லது? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 தாமிரபரணிக்கரையான்

அக்கா, ஏஜென்ட் சொன்னது நேர்மையான கணக்கு. இணையத்தில் வரும் 16½ மணி நேரம் என்பது இல்லாத ஒரு விமானத்தின் நேரம். திருவனந்தபுரத்தில் ஏறி டொராண்டோவில் போய் இறங்குகிற நேர் விமானம் கிடையாது. அந்தத் தளங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள தூரத்தை எடுத்து, மணிக்கு 850 கி.மீ. அளவில் வகுத்து, ஏற இறங்க ஓர் அரை மணி நேரம் கூட்டிக் காட்டிவிடும். அவ்வளவுதான்.

உண்மைப் பயணத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். நேரங்கள் உதாரணத்துக்கு. திங்கள் மதியம் 1.30-க்கு பாளையில் கார் ஏறுகிறார். 5.30-க்கு திருவனந்தபுரம் விமான நிலையம். இரவு 8.30-க்கு விமானம், 4¼ மணி நேரத்தில் துபாய். அங்கே இன்னொரு 4¼ மணி நேரம் காத்திருப்பு. பிறகு 14 மணி நேரம் பறந்தால் டொராண்டோ, அங்கே செவ்வாய் காலை 9.30. குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் முடித்து வெளியே வர 11 மணி, தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர 12. அப்போது நமக்கு செவ்வாய் இரவு 9.30. ஆக 32 மணி நேரம்.

இதில் ஆகாயத்தில் இருப்பது 18¼ மணி நேரம்தான். மீதி 13¾ மணி நேரம் தரையில் போகிறது. யார் எந்த வழி சொன்னாலும் அந்தத் தரை நேரத்தை முதலில் கேளுங்கள். பறக்கும் நேரத்தில் வழிக்கு வழி ஒன்றிரண்டு மணி நேரம்தான் மாறும். தரை நேரம் சில டிக்கெட்டுகளில் 20 மணி நேரத்தையும் தாண்டிவிடும்.

#3 குற்றாலச் சாரல்

கரையான் அண்ணாச்சி சொன்னதோடு சாலை விஷயம் ஒன்று சேர்க்கிறேன். பாளையில் இருந்து திருவனந்தபுரம் 150 கி.மீ.தான். நாகர்கோவில் பக்கம் வரை நாலுவழிச் சாலை. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி எல்லாம் தெரியாமலே கடந்துவிடும். அதற்கப்புறம்தான் பாடு. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வரை கடைத்தெருவுக்குள்ளேயே போவது போல இருக்கும். மாலை நேரமானால் மூன்று மணி நேரப் பயணம் நாலரை ஆகிவிடும். கல்யாண முகூர்த்த நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களைப் போல தென்காசிப் பக்கத்துக்காரர்கள் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகப் போவோம். தூரம் குறைவு. ஆனால் ஜூன் மாதம் சாரல் பிடித்துவிட்டால் புளியரை மலைப்பாதையில் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிடும். அந்த மாதத்தில் நாங்களே யோசித்துத்தான் கிளம்புவோம். உங்களுக்கு நாகர்கோவில் வழிதான் சரி.

#4 புவியியல் வாத்தியார்

சகோதரி கேட்ட "சுற்று வழியா" என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தை மறந்துவிடுங்கள். அந்தப் படத்தில் திருவனந்தபுரத்தையும் டொராண்டோவையும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு இணைத்து, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே பறந்தால் சுமார் 15,750 கி.மீ. வரும். உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் 13,750. முழுசாக 2,000 கி.மீ. வித்தியாசம். நூல் காட்டுகிற பாதைதான் குறுக்குப் பாதை. அது மேற்கே போகவில்லை, ஏறக்குறைய வடக்கே போகிறது. மத்திய ஆசியா, ரஷ்யா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, கிரீன்லாந்துப் பக்கமாக இறங்குகிறது.

காரணம் எளிது. நெல்லை கிழக்குத் தீர்க்கரேகை 77.7 பாகையில் இருக்கிறது. டொராண்டோ மேற்கே 79.4. இரண்டும் சேர்ந்து 157 பாகை. 180 வந்துவிட்டால் உருண்டையின் நேர் எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்துக்குப் போகிறவன் துருவத்தைத் தொட்டுப் போவதுதான் லாபம். இதை மனக்கணக்காகவே பார்க்கலாம். அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கி.மீ. நெல்லை 8.7 பாகை வடக்கில் இருப்பதால் வட துருவம் 81.3 பாகை தள்ளி இருக்கிறது. துருவத்தில் இருந்து டொராண்டோவுக்கு 46.3 பாகை. மொத்தம் 127.6. அதை 111-ஆல் பெருக்கினால் 14,160 கி.மீ. அதாவது துருவத்தையே தொட்டுவிட்டுப் போனாலும் கூடுதல் 400 கி.மீ. சொச்சம்தான்!

இப்போது துபாய். திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,950 கி.மீ., துபாய் – டொராண்டோ சுமார் 11,080. கூட்டினால் 14,030. நேர்ப் பாதையைவிட 280 கி.மீ. மட்டும் அதிகம், இரண்டு சதவீதம். வளைகுடா ஊர்கள் ஏறக்குறைய வழியிலேயே இருக்கின்றன. ஆகவே ஏஜென்ட் சுற்ற வைக்கவில்லை.

சுற்று வழி என்றால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு. சென்னை – ஹாங்காங் – டொராண்டோ என்று யாராவது விலை குறைவாகக் காட்டினால், அது சுமார் 16,250 கி.மீ. சென்னையில் இருந்து டொராண்டோவுக்கு நேர்த் தூரம் 13,400-க்குள்தான். ஏறக்குறைய 3,000 கி.மீ. அதிகம். முதிய உடம்புக்கு அது தேவையில்லை.

#5 மேலப்பாளையம் பயணி

வாத்தியார் சார் கணக்கு அருமை. ஆனால் நான் சென்னை வழியைத்தான் சொல்வேன், காரணம் மூட்டு வலி.

துபாய் வழியில் முதல் விமானம் 4 மணி நேரம், இரண்டாவது 14 மணி நேரம். சென்னையில் இருந்து லண்டன் வழியாகப் போனால் 11 மணி நேரமும் 8 மணி நேரமும். லண்டன் வரை சுமார் 8,230 கி.மீ., அங்கிருந்து டொராண்டோ 5,700. மொத்தத்தில் ஒரு மணி நேரம் அதிகம் பறக்க வேண்டியிருக்கும், ஆனால் ஒரே மூச்சில் 14 மணி நேரம் மடக்கிய காலோடு உட்கார வேண்டாம். என் மாமியாரை அப்படித்தான் அனுப்பினோம், நடுவில் இறங்கி நடந்தது நல்லதாகப் போயிற்று என்றார்கள். வளைகுடாப் பக்கம் பதற்றம் வந்து வான்வெளியை மூடினால் அங்கே மாட்டிக்கொள்கிற ஆபத்தும் இதில் இல்லை.

சென்னைக்குப் போவதும் இப்போது பழைய மாதிரி இல்லை. வாகைக்குளத்தில் (அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில்) ஏறினால் ஒன்றரை மணி நேரம். 2023 செப்டம்பரில் இருந்து வந்தே பாரத் ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர். பழகின உடம்புக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது.

#6 தாமிரபரணிக்கரையான்

> ஒரே மூச்சில் 14 மணி நேரம் மடக்கிய காலோடு உட்கார வேண்டாம்

பாய், உங்கள் கவலை புரிகிறது, ஆனால் தரை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். லண்டன் விமானம் சென்னையில் கிளம்புவது விடியற்காலையில். பகலில் எழும்பூரில் வந்து இறங்குகிறவர் அதுவரை எங்கே இருப்பார்? சொந்தக்காரர் வீடு இருந்தால் சரி. இல்லையென்றால் லாட்ஜ் போட வேண்டும். வாகைக்குளம் வழியாகப் போனால் மாறும் இடம் இரண்டாகிறது: சென்னையில் ஒரு தடவை, லண்டனில் ஒரு தடவை. முதல் தடவை விமானம் ஏறுகிற, தனியாகப் போகிற ஒருவருக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு சோதனை. 14 மணி நேர விமானத்தில் எழுந்து நடக்கலாம். நடைபாதை ஓர இருக்கையை முன்கூட்டியே எடுத்துவிட்டால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்து, உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலை மடக்கி நீட்டினால் போதும்.

மதுரை பற்றியும் கேட்டிருந்தீர்கள் அக்கா. சாலை ரொம்ப நல்லது, 160 கி.மீ., விமான நிலையமும் ஊருக்குத் தெற்கிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டாம். துபாய்க்கு நேர் விமானமும் உண்டு. சிக்கல் வேறு. மதுரை – துபாய் ஒரு கம்பெனி, துபாய் – டொராண்டோ இன்னொரு கம்பெனி என்று தனித்தனி டிக்கெட்டாகத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை, புது டிக்கெட் நம் காசில். பெட்டியும் நேராக டொராண்டோவுக்குப் போகாது. தனியாகப் போகும் பெரியவர்களுக்கு எக்காரணம் கொண்டும் இரண்டு டிக்கெட்டாக எடுக்காதீர்கள். ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்), திருவனந்தபுரத்தில் போட்ட பெட்டி டொராண்டோவில்தான் கையில் வர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

#7 பாளை மகள்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாத்தியார் சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பிள்ளைகளின் உருண்டையை எடுத்து வந்து நூல் வைத்துப் பார்த்தார்!

டெல்லியில் இருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் இருக்கிறது என்று சித்தப்பா சொல்கிறார். ஏறின பிறகு நம்ம ஊர்க்காரர்கள் கூட்டமாக இருப்பார்கள், இந்தி தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம் என்கிறார். அது எப்படி?

#8 புவியியல் வாத்தியார்

தூரக் கணக்கில் அதுதான் எல்லாவற்றிலும் நெருக்கம். திருவனந்தபுரம் – டெல்லி 2,230, டெல்லி – டொராண்டோ 11,640, ஆக 13,870. நேர்ப் பாதையைவிட 120 கி.மீ.தான் கூடுதல்.

ஆனால் வரைபடத்தில் உள்ள பாதை வேறு, பறக்க விடுகிற பாதை வேறு. டெல்லியில் இருந்து டொராண்டோவுக்குப் போகும் குறுக்குப் பாதை பாகிஸ்தானுக்கு மேலே போகிறது. 2025 ஏப்ரல் இறுதியில் அந்த வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டது. அதன் பிறகு வட அமெரிக்கா போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சில விமானங்கள் நடுவில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. டிக்கெட் எடுக்கிற அன்றைக்கு நிலவரம் என்ன என்று பார்க்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். "நான் ஸ்டாப்" என்று போட்டிருக்கிறதா, அல்லது வழியில் ஓர் ஊர் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். திருவனந்தபுரம் – துபாய் விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அது அரபிக்கடலுக்கு மேலேயே போய்விடும்.

#9 வள்ளியூர் காற்றாலை

திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க ஒன்று சொல்கிறேன். போகும்போது துபாய் – டொராண்டோ 14 மணி நேரம். வரும்போது அதே தூரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவாகக் காட்டும். அச்சுப் பிழை இல்லை. பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே வேகமாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. போகும்போது அது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். விமானம் காற்றுக்குள் ஓடும் வேகம் ஒன்றுதான், தரைக்கு மேலே நகரும் வேகம்தான் மாறுகிறது. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக இருக்கும். ஜூனில் அவ்வளவு இருக்காது.

#10 டொராண்டோ நெல்லையன்

நான் பாளைதான், இங்கே குடியேறி ரொம்ப வருடம் ஆகிறது. என் அம்மாவும் திருவனந்தபுரம் – துபாய் வழியாகத்தான் வந்து போவார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சகோதரி, முதலில் சக்கர நாற்காலி கேளுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே ஏஜென்ட்டிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், தனிக் கட்டணம் கிடையாது. நடக்க முடிகிறவருக்கு எதற்கு என்று உங்கள் அம்மா மறுப்பார். என் அம்மாவும் மறுத்தார். துபாயில் ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்கு நடை, ரயில், லிஃப்ட் என்று நீண்டுகொண்டே போகும். அதைவிட முக்கியம், நாற்காலி தள்ளுகிறவர் வழி தெரிந்தவர். அறிவிப்புப் பலகையைத் தேடிப் படிக்கிற வேலையே இல்லை. இங்கே இறங்கிய பிறகும் குடியேற்ற அதிகாரியைத் தாண்டி, பெட்டியை எடுத்துக்கொடுத்து, வெளியே நிற்கிற உங்கள் தங்கை வரை கொண்டுவந்து விடுவார்கள்.

காத்திருப்பு நேரம் துபாயில் மூன்றில் இருந்து ஐந்து மணி நேரம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேர இணைப்பையும் விற்பார்கள், மொத்த நேரம் குறைவாகத் தெரியும். முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் போயிற்று.

மாத்திரை விஷயம் கட்டாயம் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். விடியற்காலை துபாயில் கிளம்பும் விமானத்தோடு சூரியனும் கூடவே வரும். ஜூன் மாதம், பாதை வேறு வடக்கே ஏறிப் போகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே காலை வெளிச்சம்தான். வெளிச்சத்தைப் பார்த்துக் "காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை" என்று போட்டால் கணக்குத் தப்பிவிடும். என் அம்மாவின் கைக்கடிகாரத்தை வீடு வந்து சேரும் வரை இந்திய நேரத்திலேயே வைத்திருக்கச் சொல்வோம். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி மாத்திரையோடு கைப்பையில் வைத்துவிடுவோம். பெட்டிக்குள் மாத்திரை வைக்கக்கூடாது.

ஜூனில் இங்கே நம்மைவிட 9½ மணி நேரம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை மாற்றினால் 10½ ஆகிவிடும். அம்மா அதுவரை இருந்தால் போன் பேசும் நேரம் மாறும், அவ்வளவே.

#11 கோவில்பட்டி கடலைமிட்டாய்

நடுவில் ஒரு சந்தேகம். விமானத்தால் 13,750 கி.மீ. ஒரே மூச்சில் பறக்க முடியாதா? ஏன் நேர் விமானம் விடுவதில்லை? வாகைக்குளத்தில் ஓடுபாதையை நீட்டிவிட்டார்களே, அங்கே இருந்து வெளிநாடு போக வாய்ப்பு உண்டா?

#12 புவியியல் வாத்தியார்

தாராளமாகப் பறக்க முடியும் தம்பி. சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் 15,300 கி.மீ.க்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கும் கூடுதலாகப் பறக்கிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வட துருவத்தை ஒட்டிப் பறந்து பெங்களூரில் இறங்கினார்கள். அந்தத் தூரம் ஏறக்குறைய 14,000 கி.மீ., நம் டொராண்டோ கணக்கைவிட அதிகம். விமானத்துக்கு வலு இருக்கிறது. தினமும் முந்நூறு பேர் திருவனந்தபுரத்தில் இருந்து டொராண்டோவுக்கு மட்டும் போக வேண்டுமே, அதுதான் இல்லை. வளைகுடாவில் இறக்கி மாற்றும்போது எட்டுத்திக்கிலும் இருந்து வருகிறவர்களைச் சேர்த்து ஒரு பெரிய விமானத்தை நிரப்பிவிடுகிறார்கள். நீண்ட தூரம் ஒரே மூச்சில் போக, எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்பதும் ஒரு காரணம்.

வாகைக்குளத்தில் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தது, இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. முன்பு ஏ.டி.ஆர். என்னும் சிறிய விமானம்தான் இறங்க முடியும், இனி ஏர்பஸ் 320 வகையெல்லாம் இறங்கலாம். அந்த வகை விமானம் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ தாராளமாகப் போகும். பாளையில் இருந்து முக்கால் மணி நேரத்தில் ஏறி, வளைகுடாவில் மாறி, டொராண்டோவில் இறங்கினால் தரை நேரத்தில் மூன்று மணி நேரம் மிச்சம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மூன்று மாவட்டத்துக்காரர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

#13 குற்றாலச் சாரல்

பெட்டி கட்டும்போது ஒன்று. கொப்பரைத் தேங்காய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை உள்ள பொருள், தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று விமானப் பெட்டியில் தடை செய்திருக்கிறார்கள். பேறுகால லேகியத்தைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லி விதியில் நிறுத்துவார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். அல்வாவும் அப்படியே.

#14 டொராண்டோ நெல்லையன்

அதோடு, தின்பண்டம் என்ன கொண்டுவந்தாலும் இங்கே இறங்கியதும் "உணவுப் பொருள் இருக்கிறதா" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்றே சொல்லச் சொல்லுங்கள். அல்வாவும் கருப்பட்டியும் முறுக்கும் பிரச்சினை இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு இருப்பதுதான் பிரச்சினை. இறைச்சி சேர்ந்தது எதுவும் வேண்டாம்.

#15 மேலப்பாளையம் பயணி

துபாய் வழிதான் என்று முடிவானால் பரவாயில்லை, நானும் மறுக்கவில்லை. கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை போடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் மகளே. தண்ணீர் அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள். கழிவறைக்கு எழ வேண்டுமே என்று நம்ம ஊர்ப் பெண்கள் குடிக்காமலே இருந்துவிடுவார்கள்.

#16 பாளை மகள்

அனைவருக்கும் மனதார நன்றி. திருவனந்தபுரம் – துபாய் – டொராண்டோ, ஒரே பி.என்.ஆர்., துபாயில் நாலு மணி நேரம், நடைபாதை ஓர இருக்கை, சக்கர நாற்காலி. இன்று ஏஜென்ட்டிடம் சொல்லியாயிற்று. கார் மதியம் 12 மணிக்கே கிளம்பும், பாலராமபுரம் நெரிசலுக்கு ஒன்றரை மணி நேரம் கூட வைத்திருக்கிறோம். ஒரே ஒரு கேள்வி பாக்கி. தங்கையின் வீட்டுக்காரர் விமான நிலையத்துக்கு எந்த நாள் வர வேண்டும்? திங்கள் கிளம்பினால் செவ்வாய்தானே?

#17 டொராண்டோ நெல்லையன்

செவ்வாய் காலை. டிக்கெட்டில் போட்டிருக்கும் இறங்கும் தேதியும் நேரமும் எப்போதும் இறங்குகிற ஊரின் தேதி, நேரம்தான், அதை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள், நாம் கூட்டிக் கழிக்க வேண்டாம். விமானம் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து அவர் வாசலுக்கு வந்தால் போதும். அம்மாவின் கைப்பையில் அவருடைய போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள், குடியேற்ற அதிகாரி எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் அந்தச் சீட்டை நீட்டினால் போதும்.